குறைவாகத் தின்று நிறைவாக வளரும் மாடு

இரண்டு நாம்பன்கள் ஒரே கொட்டிலில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே நிறை. இரண்டும் நாளொன்றுக்கு ஒரு கிலோ வீதம் வளர்கின்றன. விலை பேச வருபவர் இரண்டுக்கும் ஒரே விலையைத்தான் சொல்வார். ஆனால் ஒன்று நாளொன்றுக்கு 7 கிலோ உலர் தீவனம் தின்கிறது. மற்றது 9 கிலோ தின்கிறது. நூறு நாட்களில் இந்த வித்தியாசம் 200 கிலோவாகி விடுகின்றது. அந்த 200 கிலோவை வெட்டிச் சுமப்பவரும், காசு கொடுத்து வாங்குபவரும் மாட்டின் சொந்தக்காரரே.

மாடு வளர்ப்பில் செலவின் பெரும்பகுதி தீவனத்துக்கே போகின்றது. பட்டியையும் மேய்ச்சல் தரையையும் விட்டு வந்து, ஒன்றிரண்டு மாடுகளுடன் மீண்டும் தொடங்கும் குடும்பத்துக்கு இது இன்னும் பாரமானது. ஆகவே 'எந்த மாடு கூடுதலாக வளரும்?' என்ற கேள்வியோடு, 'எந்த மாடு குறைவாகத் தின்று அதே அளவு வளரும்?' என்ற கேள்வியையும் நாம் கேட்க வேண்டியுள்ளது. இரண்டாவது கேள்விக்கான விடை கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடியது அல்ல. ஆனால் அதனை அளக்கலாம். அளந்தால், அது தாய் தகப்பனிடமிருந்து கன்றுக்கு வரும் குணம் என்பதும் தெரியவரும்.

கணக்கு தொடங்கிய விதம்

1963ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த கோக் என்பவரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் இறைச்சி மாடுகளின் தீவனப் பயன்பாடு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதில் ஓர் எளிய கணக்கு முறை இருந்தது. ஒரு மாட்டின் நிறையும் அது வளரும் வேகமும் தெரிந்தால், அது எவ்வளவு தின்னும் என்று மதிப்பிடலாம். பின்னர் அது உண்மையில் எவ்வளவு தின்றது என்று அளக்க வேண்டும். தின்ற அளவிலிருந்து மதிப்பிட்ட அளவைக் கழித்தால் எஞ்சுவதே அந்த மாட்டின் 'எஞ்சிய தீவன அளவு'.

மேலே சொன்ன நாம்பன்கள் 8 கிலோ தின்ன வேண்டியவை என்று மதிப்பிட்டால், முதலாவதன் எஞ்சிய அளவு ஒரு கிலோ குறைவு. இரண்டாவதன் அளவு ஒரு கிலோ அதிகம். இந்த எண் எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவுக்கு மாடு சிக்கனமானது.

ட்ரான்ஜிப் பண்ணையில் கண்டது

இந்தக் கணக்கை நீண்ட காலம் சோதித்துப் பார்த்த இடங்களுள் ஒன்று அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள ட்ரான்ஜி ஆய்வுப் பண்ணையாகும். 1993இல் அங்கே அங்கஸ் இனக் கன்றுகளை, பால் மறந்த பின்னர், தனித்தனியாக அளக்கத் தொடங்கினார்கள். கன்றுகளுக்குப் புதிய தீவனம் பழகுவதற்கு மூன்று வாரம் விடப்பட்டது. அதன்பின் 70 நாட்கள் ஒவ்வொரு கன்றும் தின்றது எவ்வளவு, வளர்ந்தது எவ்வளவு என்று எழுதி வைத்தார்கள்.

பின்னர் பட்டியை இரண்டாகப் பிரித்தார்கள். சிக்கனமான நாம்பன்களையும் நாகுகளையும் ஒரு பக்கமும், வீண்தீனி தின்பவற்றை மறுபக்கமும் சேர்த்து இனம் பெருக்கினார்கள். ஏறக்குறைய ஐந்து ஆண்டுத் தெரிவின் பின்னர் இரு பக்கக் கன்றுகளையும் ஒப்பிட்டபோது கிடைத்த முடிவு இது:

ஒரு வயதில் நிறை: சிக்கனப் பக்கம் 384 கிலோ, மறுபக்கம் 381 கிலோ.
நாளொன்றுக்குத் தின்றது: சிக்கனப் பக்கம் 9.4 கிலோ, மறுபக்கம் 10.6 கிலோ.
ஒரு கிலோ வளர்ச்சிக்குத் தேவைப்பட்ட தீவனம்: சிக்கனப் பக்கம் 6.6 கிலோ, மறுபக்கம் 7.8 கிலோ.

நிறையில் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். தீவனத்திலோ நாளொன்றுக்கு 1.2 கிலோ வித்தியாசம். இது நல்லதற்கும் கெட்டதற்கும் இடையே உள்ள தூரம் என்பதை மறந்துவிடக் கூடாது. தெரிவு செய்யாத சாதாரண மாட்டுடன் ஒப்பிட்டால் இலாபம் இதில் ஏறத்தாழப் பாதியாகவே இருக்கும்.

நாம்பனே பாதிப் பட்டி

ட்ரான்ஜியில் அளந்த 1,180 இளம் மாடுகளின் கணக்கிலிருந்து மற்றொரு செய்தியும் கிடைத்தது. எஞ்சிய தீவன அளவில் மாட்டுக்கு மாடு காணப்படும் வேறுபாட்டில் நூற்றுக்கு 39 பங்கு பரம்பரை வழி வருவது. மீதி, வளர்ந்த விதம், நோய், காலநிலை போன்றவற்றால் ஏற்படுவது.

இதை ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாம்பன் சராசரியைவிட நாளொன்றுக்கு 1 கிலோ குறைவாகத் தின்கிறது. அதில் பரம்பரைக்குரியது 390 கிராம். கன்றுக்குத் தகப்பனிடமிருந்து வருவது பாதி. ஆகவே ஏறத்தாழ 200 கிராம். 300 நாட்களில் கன்றொன்றுக்கு 60 கிலோ தீவனம் மிச்சம். அந்த நாம்பனுக்கு ஓராண்டில் 20 கன்றுகள் பிறந்தால் 1,200 கிலோ மிச்சம். ஒரு பசு ஆண்டுக்கு ஒரு கன்றுதான் ஈனும். ஒரு நாம்பனோ ஊரிலுள்ள பல பசுக்களுக்குத் தகப்பனாகின்றது. ஆகையால் நாம்பனைத் தெரிவதில் காட்டும் கவனமே விரைவாகப் பலன் தரும்.

மாட்டின் உடம்பினுள் நடப்பது

சிக்கனமான மாடு வயிறு காய்ந்து நிற்பதில்லை. அதன் உடம்பு வேலை செய்யும் விதமே வேறு. உடம்பிலுள்ள புரதம் உடைந்து மீண்டும் கட்டப்படுவதற்கே பெருமளவு சக்தி செலவாகின்றது. ட்ரான்ஜி மாடுகளை ஆராய்ந்தவர்கள், இந்தப் புரத மாற்றமும் இழையங்களின் தொழிற்பாடும் பதற்றமும் சேர்ந்து வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விளக்குகின்றன எனக் கண்டனர். சமிபாட்டின் பங்கு பத்திலொன்று. ஓடித் திரிவதால் செலவாகும் சக்தியும் ஓரளவு உண்டு. குறைவாகத் தின்னும் மாடு வெளிவிடும் மெதேன் வாயுவும் குறைவு என்பது மேலதிக நன்மை.

பெரிய மாடு எப்போதும் இலாபமா?

'ஒரு கிலோ வளர எத்தனை கிலோ தீவனம்?' என்ற கணக்கை மட்டும் வைத்துத் தெரிவு செய்தால் ஒரு வழுக்கல் உண்டு. வேகமாக வளரும் மாடு அந்தக் கணக்கில் எளிதில் வென்றுவிடும். அதன் பெண் கன்றுகள் பெரிய பசுக்களாகும். பெரிய பசு, கன்று ஈன்றாலும் ஈனாவிட்டாலும், ஆண்டு முழுவதும் அதிகம் தின்னும். இறைச்சி மாட்டுப் பண்ணையில் செலவாகும் தீவனத்தில் பாதிக்கு மேல் தாய்ப் பசுக்களுக்கே போகின்றது. 300 கிலோ பசு தன் உடம்பைத் தாங்கிக்கொள்ள 100 பங்கு தீவனம் வேண்டுமென்றால், 500 கிலோ பசுவுக்கு ஏறக்குறைய 147 பங்கு வேண்டும். எஞ்சிய தீவனக் கணக்கில் நிறையும் வளர்ச்சியும் முன்னரே கழிக்கப்பட்டு விடுவதால் இந்த ஆபத்து குறைவு.

இறைச்சிக்கு மாடு வளர்க்க எம்மவர் பலர் விரும்புவதில்லை. ஆனால் இந்தக் கணக்கு பால் மாட்டுக்கும் பொருந்தும். 2015இல் அவுஸ்திரேலியாவில் பால் மாடுகளுக்கு 'தீவன மிச்சம்' என்னும் இனவிருத்திப் பெறுமதி ஒன்று வெளியிடப்பட்டது. பசுவின் உடற்பருமன், எஞ்சிய தீவன அளவு ஆகிய இரண்டையும் சேர்த்தே அது கணிக்கப்படுகின்றது.

ஒரு குணத்தையே பார்த்தால்

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லெஸ்ரர்ஷயரில் வாழ்ந்த றொபேர்ட் பேக்வெல் என்னும் விவசாயி, தெரிவு முறையில் கால்நடைகளைத் திருத்தியதில் புகழ்பெற்றவர். தம்முடைய செம்மறிக் கடாக்களை அயல் விவசாயிகளுக்கு வாடகைக்குக் கொடுத்து, பிறந்த குட்டிகளைப் பார்த்தே கடாவின் தரத்தை நிச்சயித்தார். கொழுக்கும் குணத்துக்காக அவர் திருத்திய நீண்ட கொம்பு மாடுகளோ பாலிலும் கன்று ஈனுவதிலும் பின்தங்கின.

இன்றைய தெரிவிலும் அந்த எச்சரிக்கை வேண்டும். சிக்கனமான மாடுகளின் உடம்பில் கொழுப்புச் சற்றுக் குறைவு. வறட்சியில் பசுவைத் தாங்குவது அந்தக் கொழுப்பே. அது மிகக் குறைந்தால் பசு மறுபடி சினைப்படுவது பிந்தலாம். ஆகவே கன்று ஈனும் ஒழுங்கு, பால், நோய் தாங்கும் சக்தி, அடக்கமான குணம் ஆகியவற்றுடன் சேர்த்தே தீவனச் சிக்கனத்தை எடை போட வேண்டும்.

மயிரிழையில் பரம்பரையைப் படித்தல்

மாட்டின் பரம்பரைத் தொகுதி முழுவதும் 2009இல் வாசித்து வெளியிடப்பட்டது. இன்று வாலிலிருந்து பிடுங்கும் சில மயிர்களின் வேரிலிருந்தே டீ.என்.ஏ. எடுத்து, கன்று வளருமுன்பே அதன் தரத்தை மதிப்பிடுகிறார்கள். ஆனால் முதலில் அதே இனத்தைச் சேர்ந்த பெருந்தொகை மாடுகளின் தீவனத்தை அளந்து வைத்திருந்தால்தான் அந்த மதிப்பீடு சரியாக வரும். அங்கஸ் மாட்டில் செய்த கணக்கை எமது நாட்டு மாட்டிலோ திமில் உள்ள கலப்பு மாட்டிலோ அப்படியே நம்ப முடியாது. அங்கே நல்ல தீவனத்தில் சிக்கனமாக இருந்த மாடு, இங்கே வைக்கோலிலும் வெயிலிலும் அப்படியே இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

எமது கொட்டிலில் செய்யக் கூடியவை

தின்ற அளவைத் தானாகப் பதியும் இயந்திரத் தொட்டி எம்மிடம் இல்லை. ஆனாலும் தெரிவு என்பது பணக்காரருக்கு மட்டும் உரியதன்று.

1. நல்ல நாம்பனை முதலில் விற்காதீர்கள். கைச்செலவுக்காக நன்றாக வளர்ந்த நாம்பனை விற்றுவிட்டு, விலைபோகாத நாம்பனைப் பட்டியில் விடுவது பல இடங்களில் வழக்கம். இதுவும் ஒரு தெரிவுதான்; ஆனால் பட்டியைப் பின்னோக்கி இழுக்கும் தெரிவு. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு நல்ல நாம்பனை வைத்துக்கொண்டால், ஒருவரே சுமை தாங்க வேண்டியதில்லை. தரம் குறைந்தவற்றைக் காலத்தோடு காயடித்து விடுங்கள்.

2. நிறையை நாடாவால் அளவுங்கள். தராசு தேவையில்லை. முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு முனைவரை நீளத்தையும் சென்ரிமீற்றரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் கிலோவில் ஏறத்தாழ நிறை வரும். சுற்றளவு 140, நீளம் 120 என்றால் நிறை ஏறக்குறைய 217 கிலோ.

3. ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறந்த நாள், தாய், தகப்பன், மாத நிறை, பசு கன்று ஈன்ற திகதிகள். இடம்பெயரும் வேளையில் மாடு கைவிட்டுப் போனாலும் கொப்பி கையில் இருக்கும். எந்தப் பசுவின் வழி நல்லது என்பதைப் பின்னர் அதுவே சொல்லும்.

4. ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்த வயதும் நிறையும் உள்ள இரண்டு கன்றுகளுக்கு ஒரே புல்லைத் தனித்தனியாகப் போட்டு, போட்டதையும் மிஞ்சியதையும் 70 நாட்கள் நிறுத்து எழுதலாம். இரண்டு கன்றை வைத்துப் பரம்பரையை நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரே நாம்பனின் கன்றுகள் பல கொட்டில்களிலும் சிக்கனமாக இருப்பின் அது கவனிக்க வேண்டிய செய்தி.

5. தகப்பனை மகளுடன் சேர விடாதீர்கள். நாம்பனின் பெண் கன்றுகள் பருவத்துக்கு வருமுன் அதனை அடுத்த ஊர் நாம்பனுடன் மாற்றிக்கொள்ளுங்கள்.

6. தீவனத்துக்கு ஏற்ற மாட்டை வளருங்கள். செயற்கை முறைச் சினைப்படுத்தலுக்குப் போகும்போது, பிறக்கும் கன்று எவ்வளவு பெரிய பசுவாக வளரும் என்று கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். கோடையிலும் அதற்குத் தீவனம் கொடுக்க முடியுமா என்று எண்ணிப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

ட்ரான்ஜியில் வித்தியாசம் தெளிவாகத் தெரிய இரண்டு தலைமுறை பிடித்தது. எமக்கு இன்னும் கூடுதல் காலம் செல்லலாம். ஆனால் புல்லும் தண்ணீரும் ஒருநாள் இரவல் கொடுத்தால் அன்றோடு முடிந்துவிடும். நல்ல நாம்பனின் குணம் அதன் பேரக் கன்றுகளிலும் தொடரும். அடுத்த முறை ஒரு நாம்பனுக்கு விலை பேச யாராவது வரும்போது, கொப்பியை ஒருதரம் திறந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.