கூடாரமும் பீடமும்



தாம்பரத்தில் வாடகை கட்டுப்படியாகவில்லை. செங்கல்பட்டுக்குப் போய்விடலாமா எனச் சில குடும்பங்கள் கேட்கின்றன. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கச் சொன்னவர் ஆண்டவரே (லூக் 14:28). கணக்கை முழுமையாகப் போடுங்கள். மிச்சமாகும் வாடகையோடு, மின்சார ரயிலில் கழியும் நேரம், பிள்ளைகளின் படிப்பு, இங்கே தனித்துவிடும் வயதான பெற்றோர், எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லோத்து யோர்தான் சமவெளியின் செழிப்பை மட்டும் கண்டார். சோதோம் அருகே கூடாரம் அடித்தார். ஆபிராமோ எபிரோனில் குடியேறி, ஆண்டவருக்குப் பீடம் கட்டினார் (தொநூ 13).

கடன் வாங்கி இங்கேயே இருப்பதில் பெருமை இல்லை. இடம் மாறுவதில் இழிவும் இல்லை. இரவு செபத்துக்குக் குடும்பம் முழுவதும் கூட முடிகிற இடம் எது எனப் பார்த்து முடிவெடுங்கள். போனால், முதல் வாரமே அங்குள்ள அன்பியத்தில் சேர்ந்துவிடுங்கள். ஆமென்.