மழை நாட்டில் 10,000 ஆண்டு எலும்பு கரையாதது ஏன்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மேசா வெர்டே என்ற இடம் உண்டு. அங்குள்ள செங்குத்துப் பாறைக் குடைவுகளில் பூவெப்லோ மக்கள் ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் கல்வீடுகள் கட்டி வாழ்ந்தனர். அவர்கள் பொருத்திய மர உத்தரங்களும், தின்று எறிந்த சோளச் சக்கைகளும்கூட அங்கே கிடைத்துள்ளன. அது வறண்ட பகுதி என்பதால் பொருள்கள் எளிதில் மட்குவதில்லை.

நம் பேராக்கிலோ மழைக்குக் குறைவில்லை. ஆளில்லாத பழைய தோட்ட லயன் வீடுகளைப் பாருங்கள். சில பத்தாண்டுகளிலேயே பலகையைக் கறையான் தின்றுவிடுகிறது. தகரம் துருப்பிடித்து உதிர்கிறது. இதே மாநிலத்தில்தான், லெங்கோங் பள்ளத்தாக்கிலுள்ள குவா குனோங் ருந்தோ குகையில், 1991-ஆம் ஆண்டு ஏறத்தாழ முழுமையான மனித எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. அதை அகழ்ந்தெடுத்தவர்கள் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுரைனா மஜீத் தலைமையிலான குழுவினர். 'பேராக் மனிதன்' எனப்படும் அவர் 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவரது எலும்பு மட்டும் எப்படித் தப்பியது?

எலும்பில் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட். அமிலம் அதைக் கரைக்கும். மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. மட்கும் இலைகளும் அமிலத்தைச் சேர்க்கின்றன. இப்படிப்பட்ட அமில மண்ணில் பால்மரம் நன்றாக வளரும். ஆனால், புதைத்த எலும்பு மெல்ல மெல்லக் கரைந்துபோகும்.

சுண்ணாம்புக் குகையில் நிலைமை வேறு. கூரை மழையைத் தடுக்கிறது. சுண்ணாம்புக் கல் என்பது கால்சியம் கார்பனேட். கசிந்து வரும் அமிலத்தை அது நடுநிலையாக்கிவிடுகிறது. பேராக் மனிதனுடன் புதைக்கப்பட்டிருந்த நத்தை ஓடுகளும் கால்சியம் கார்பனேட்தான்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் வினிகர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் முட்டையோட்டுத் தூளைப் போட்டு, நுரை அடங்கும்வரை சேர்த்துக்கொண்டே இருங்கள். பிறகு இரண்டிலும் ஒவ்வொரு கோழி எலும்பை இடுங்கள். ஒரு வாரத்தில், வெறும் வினிகரில் கிடந்த எலும்பு வளையும். மற்றது கெட்டியாகவே இருக்கும்.

எலும்பு தப்பியதால் நாம் அறிந்தது என்ன? பேராக் மனிதனின் இடக்கை எலும்புகளில் பிறவிக் குறைபாடு இருந்தது. வேட்டையாடி உண்ட காலத்தில், அந்தக் கையோடு அவர் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். இறந்தபின் கால்களை மடக்கி, உணவும் கற்கருவிகளும் வைத்து அடக்கம் செய்திருக்கிறார்கள். அவரைச் சுற்றியிருந்தவர்கள் அவரைக் கைவிடவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

2012-இல் யுனெஸ்கோ லெங்கோங் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. ஈப்போவிலிருந்து காலையில் கிளம்பினால் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: குகையின் தரையில் கிடக்கும் ஓடும் மண்ணும் குப்பையல்ல. அவை எந்த அடுக்கில், எதன் அருகில் கிடக்கின்றன என்பதே ஆய்வாளருக்குச் சான்று. ஓர் ஓட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் அந்தச் சான்று அழிந்துவிடும். உரத்துக்காகக் குகை மண்ணை வெட்டினாலும், கல்லுக்காக மலையை உடைத்தாலும் அதே கதிதான். 10,000 ஆண்டு மழையால் முடியாததை மனிதன் ஒரே நாளில் செய்துவிட முடியும்.