எளிய கணினிக்கு ஏற்ற செயலிகள்

"சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்பது நம் முன்னோர் வாக்கு. வீட்டுக்குச் சொன்ன இம்மொழி கணினிக்கும் பொருந்துவதை இக்கட்டுரையில் காண்போம்.

2011ஆம் ஆண்டு தமிழக அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் பயின்றோர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. நம் அக்காமார் பெற்ற அக்கணினிகளுள் பல இன்று பரணில் தூசி படிந்து கிடக்கின்றன. தொடக்கத்தில் வந்தவற்றின் நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே. விண்டோஸ் 11 இயங்க 4 ஜி.பி.யேனும் வேண்டும். "இனி இது உதவாது" என்று பழைய சாமான் கடைக்குப் போடுவோரும் உண்டு.

ஆயினும் வழி இருக்கிறது. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை யாரும் கட்டணமின்றிப் பெறலாம். வேண்டிய செயலிகளைச் சேர்த்தும் வேண்டாதவற்றை நீக்கியும் தனித் தொகுப்பாக வெளியிடலாம். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட 'பாஸ்' அத்தகையதே. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேரி கௌலர் 2003இல் வெளியிட்ட 'பப்பி லினக்ஸ்' பழைய கணினிகளுக்கு ஏற்ற சிறு தொகுப்பு. அதன் பல பதிப்புகளில் எழுதுவதற்கு அபிவேர்டு, கணக்கிற்கு ஜிநியூமரிக், படம் வரைய எம்.டி.பெயிண்ட் என எளிய செயலிகளே இடம்பெற்றன.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது? திருப்பூர்ப் பிள்ளைகளாகிய நமக்கு இது எளிதில் விளங்கும். துணியின் அகலம் மாறாது. முன்பாகம், பின்பாகம், கை என்று கட்டிங் மாஸ்டர் அடுக்கும் முறையில்தான் வீண் குறையும். நினைவகமும் அந்தத் துணியைப் போன்றதே.

முதலாவது, ஒரு வேலைக்கு ஒரு செயலி போதும். திறக்காத செயலி வட்டில் மட்டுமே இடம் கொள்ளும். கணினியைப் போட்டவுடன் நாம் கேளாமலே பின்னணியில் ஓடுபவைதாம் நினைவகத்தை விழுங்கும். அவற்றையே முதலில் களைய வேண்டும்.

இரண்டாவது, ஒரே அடிப்படையில் அமைந்த செயலிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாளரங்களையும் பொத்தான்களையும் வரைந்து தர ஜி.டி.கே., க்யூ.டி. என்னும் பொது நிரல் தொகுதிகள் உண்டு. எல்லாச் செயலிகளும் ஒன்றையே நம்பியிருந்தால், அதை ஒருமுறை ஏற்றினால் போதும். ஒரே நிற நூலில் தைத்தால் தையல் மெஷினில் நூல் மாற்ற வேண்டாம் அல்லவா?

மூன்றாவது, எங்கே சிக்கனம் கூடாது என்பதையும் அறிய வேண்டும். டில்லோ, நெட்சர்ஃப் போன்ற இணைய உலாவிகள் மிகச் சிறியவை. ஆனால் இன்றைய இணையதளங்கள் பலவும் அவற்றில் சரியாகத் திறப்பதில்லை. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியாத உலாவி இலேசாக இருந்து என்ன பயன்? எனவே சற்றுக் கனமானாலும் ஃபயர்பாக்ஸை வைத்துக்கொண்டு, ஓரிரு பக்கங்களை மட்டும் திறந்து பழகுவதே நன்று. பாதுகாப்புத் திருத்தங்கள் தவறாமல் வருகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

நான்காவதே எல்லாவற்றிலும் முக்கியம். 'லோகித் தமிழ்' போன்ற எழுத்துரு ஒரு எம்.பி.கூட இராது. அதுபோன்ற ஒன்றேனும் இல்லையெனில் தமிழ்ச் சொற்கள் வெறும் கட்டங்களாகத் தெரியும். தூர தேசத்தில் தொகுப்பவருக்கு அது தேவையற்றதாகத் தோன்றலாம். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த நம் அன்னைக்கோ அது இல்லாத கணினி வெறும் பெட்டிதான். நம் ஊருக்குப் பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தி, ஒடியா எழுத்துருக்களும் வேண்டும்.

ஆகவே, செயலியின் எடையைப் பார்ப்பதோடு, கணினியின் முன் அமரப்போகிறவர் யார் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிறர் தேவையை அறிந்து பொறுக்கி எடுப்பதும் ஒருவகைத் தொண்டே.

அன்புத் தோழியரே! இந்த விடுமுறையில் பரணில் உள்ள கணினியைக் கீழே இறக்குங்கள். அக்காவின் படங்களையும் பாடக் குறிப்புகளையும் முதலில் வேறிடத்தில் சேமியுங்கள். பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, வட்டைத் தொடாமலே ஓட்டிப் பாருங்கள். பிடித்திருந்தால் நிறுவுங்கள். வீணென்று ஒதுக்கியதைப் பயன்படச் செய்து, ஒரு தங்கையின் படிப்புக்குத் துணை நிற்போமாக!