உடைஞ்ச பாலத்துக்குக் கீழே தண்ணீர் என்ன செய்யுது?

பெசன்ட் நகர் பக்கம் உடைஞ்ச பாலம் தெரியும்ல? சூரிய உதயம் பார்க்கவும் போட்டோ எடுக்கவும் நிறைய பேர் போற இடம். அடையாறு கடலில் சேரும் முகத்துவாரம் அது. 1967-ல் கட்டிய பாலம், 1977-ல் நீரோட்டத்தின் வேகத்தில் ஒரு பகுதி இடிஞ்சு விழுந்துடுச்சு.

அங்கே தண்ணீரைப் பார்த்தா, முழங்கால் ஆழம்தானேன்னு தோணும். நம்பாதீங்க. அலைகள் குவிக்கிற மணல்திட்டு, ஆற்றின் வாயைக் குறுக்கி ஒரு சின்ன வழியை மட்டும் விடும். கடல் வத்தும்போது உள்ளே தேங்கின தண்ணீர் அந்த வழியாத்தான் வேகமா வெளியேறணும். அந்த இழுப்பில் நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களும் கடலுக்குள்ள போயிடலாம். மணலும் இடம் மாறிக்கிட்டே இருக்கும். நேத்து திட்டு, இன்னைக்குப் பள்ளம்.

அதனால கரையில நின்னு ரசிங்க. தண்ணியில மட்டும் இறங்காதீங்க.