வோஸ்னியாக்குக்கு வழிகாட்டிய எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியார்

ஆப்பிள் கம்ப்யூட்டர் என்றதும் ஸ்டீவ் ஜாப்ஸ்தான் நம் நினைவுக்கு வருவார். அந்த நிறுவனத்தின் முதல் கம்ப்யூட்டர்களை வடிவமைத்தவர் அவருடைய நண்பர் ஸ்டீவ் வோஸ்னியாக். இந்த இருவருக்கும் பாடம் நடத்திய பள்ளி ஆசிரியர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஜான் மெக்கல்லம்.

கடற்படையிலிருந்து வகுப்பறைக்கு

மெக்கல்லம் அமெரிக்கக் கடற்படையில் விமானியாக இருந்தவர். பிறகு ஆசிரியர் வேலைக்கு வந்து, கலிபோர்னியாவின் குபர்டினோ நகரில் உள்ள ஹோம்ஸ்டெட் உயர்நிலைப் பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் கற்பித்தார். டெஸ்லா காயிலை இயக்கிக் காட்டி மாணவர்களை வாய்பிளக்க வைப்பார். டிரான்சிஸ்டர்களும் பிற உதிரிப் பாகங்களும் நிறைந்த ஸ்டோர் ரூம் ஒன்று அவரிடம் இருந்தது. ஆர்வமுள்ள மாணவர்களிடம் அதன் சாவியையே கொடுத்துவிடுவார்.

வாரம் ஒரு நாள் வெளியே

வோஸ்னியாக் 1968இல் பள்ளிப் படிப்பை முடித்தார். வகுப்பில் நடத்துவதெல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அவரைச் சும்மா உட்கார வைக்க ஆசிரியருக்கு மனமில்லை. பள்ளியிலோ கம்ப்யூட்டர் கிடையாது. எனவே வாரம் ஒரு முறை சில்வேனியா நிறுவனத்துக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த ஏற்பாடு செய்து கொடுத்தார்.

அங்கே இருந்தது 1965இல் அறிமுகமான ஐ.பி.எம். 1130. இன்று நீங்கள் மவுஸைக் கிளிக் செய்கிறீர்கள். அன்று புரோகிராமை அட்டைகளில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். வோஸ்னியாக் போர்ட்ரான் மொழியைக் கற்றார். செஸ் பலகையின் 64 கட்டங்களுக்கும் குதிரையை ஒரே ஒரு முறை கொண்டுசெல்லும் வழியைக் கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் எழுதினார். ஓடவிட்டார்; விடை வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அந்த முறையில் விடை கிடைக்கக் கற்பனைக்கெட்டாத காலம் ஆகும் என்று தெரிந்தது. கம்ப்யூட்டரின் வேகம் மட்டும் போதாது, வழிமுறையும் சரியாக இருக்க வேண்டும் என்பதை அன்று புரிந்துகொண்டார்.

அதே இடத்தில் பி.டி.பி.-8 கம்ப்யூட்டரின் கையேடு அவர் கண்ணில் பட்டது. அதைப் படித்துவிட்டு, வீட்டில் பேப்பரிலேயே கம்ப்யூட்டர்களை வடிவமைத்துப் பழகினார். 1976இல் ஆப்பிள் 1, 1977இல் ஆப்பிள் 2 வந்தன.

எல்லோருக்கும் ஒத்துவந்ததா?

இல்லை. சுமார் நான்கரை வயது இளையவரான ஜாப்ஸ் பின்னாளில் அதே வகுப்பில் சேர்ந்தார். மூன்றாண்டுப் பாடத்தை ஓராண்டிலேயே விட்டுவிட்டார். ஒரே ஆசிரியர், ஒரே ஸ்டோர் ரூம். ஆனால் மாணவரின் நாட்டம் வேறு.

எஞ்சினியரும் ஆசிரியர் ஆனார்

முதலில் எஞ்சினியர், பிறகு ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஆக வேண்டும் என்பது சிறுவன் வோஸ்னியாக்கின் ஆசை. 1990களில் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்து அதையும் நிறைவேற்றிக்கொண்டார்.

உங்கள் வீட்டில்

மெக்கல்லம் அன்று ஒரு நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டியிருந்த வசதி, இன்று உங்கள் மேசை மேலேயே இருக்கிறது. ஆனால் பிள்ளை அதில் கேம்ஸ் மட்டுமே ஆடினால் அந்த வசதி வீண். ஸ்கிராட்ச், பைத்தான் இரண்டும் இலவசம். சிறுவர்களுக்கு ஸ்கிராட்ச், சற்றுப் பெரியவர்களுக்குப் பைத்தான் என்று தொடங்கலாம். உங்களுக்குப் புரோகிராமிங் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். தெரிந்த ஆசிரியரிடமோ பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவரிடமோ வாரம் ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள். மெக்கல்லம் செய்ததும் அதுதான்.