வெடிப்பும் பூச்சும்

கண்டியிலே சமநிலம் அரிது. வீடு கட்ட விழைவோர் மலைச்சரிவை வெட்டுவர். வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறத்திலே தள்ளி நிரப்பி, இடித்து இறுக்கி, அதன்மேற் கொங்கிறீற் நிலம் இடுவர். ஆகவே இங்கே ஒரு கராஜின் நிலம் பாதி பழைய மலைமீதும் பாதி புது மண்மீதும் கிடப்பது வழக்கம். அந்நிலத்திலே மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றினால் அவற்றை அடைப்பதா, விடுவதா என்ற வினா எளியதன்று.

என் நண்பரான கணித ஆசிரியர் ஒருவர் இவ்வினாவோடு என்னிடம் வந்தார். பண்டிதனிடம் சீமெந்தைப் பற்றிக் கேட்பானேன் என வாசகர் நகைக்கலாம். அயல்வீட்டுக்காரன் என்பதன்றி வேறு தகுதி எனக்கில்லை. நிலம் முழுவதையும் புதுச் சாந்தால் மூடிவிடலாம் என்றாராம் மேசனார். "பூசிவிட்டால் ஒன்றும் தெரியாது, ஐயா." அந்த 'ஒன்றும் தெரியாது' என்பதே எனக்கு உறுத்தலாயிற்று. கராஜின் மேலேதான் நண்பரின் முதிய தாயார் துயிலும் அறை உள்ளது.

தமிழிலே வெடிப்பு வேறு, பிளவு வேறு. வயல் காய்ந்து வெடிக்கிறது. பனியில் உதடு வெடிக்கிறது. பிளவென்பதோ இரு பகுதிகள் தத்தம் வழியே பிரிந்து செல்வது. கொங்கிறீற்றிலும் இவ்வேறுபாடு உண்டு. குழைக்கையில் விட்ட நீர் முழுவதும் சீமெந்தோடு கூடிவிடுவதில்லை. மிஞ்சிய நீர் உலர உலர நிலம் சுருங்குகிறது. அடிமண் அச்சுருக்கத்தைத் தடுக்க, நிலம் வெடிக்கிறது. நீரை மிகையாக விட்டாலும், இட்டபின் ஒரு வாரமேனும் ஈரச் சாக்கிட்டு நனைத்து வையாவிடினும் இது மிகும். அகலம் 0.3 மில்லிமீற்றருக்கு உட்பட்டு, இரு கரையும் ஒரே மட்டத்தில் நின்று, மேலும் விரியாதிருப்பின் பொதுவாக அஞ்சவேண்டியதில்லை.

இச்சுருக்கத்திற்குப் பேரணைகளும் விலக்கல்ல. கண்டிக்குக் கிழக்கே, 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமுள்ள வளைவணை. இவ்வகை அணைகளைத் தனித்தனிப் பாளங்களாக எழுப்பி, அவை குளிர்ந்து சுருங்கி ஓய்ந்த பின்பே இடைமூட்டுகளைச் சீமெந்துக் கூழால் அடைப்பது பொறியியலார் முறை. ஓயாததை அடைத்துப் பயனில்லை என்பதை அவர்கள் அறிவர்.

அவ்வணையை அடுத்த திகனைப் பகுதியில் 2020 ஆகஸ்ட் 29 ஆம் நாளிரவு நிலம் அதிர்ந்தது. அவ்வாண்டிலேயே மேலும் சில அதிர்வுகள் உணரப்பட்டன. இத்தகைய வேளையில் எந்த வெடிப்பு புதியது, எது பழையது என்று யார் சொல்லுவார்? நாட்குறித்த அடையாளம் ஒன்றிருந்தாலன்றோ சொல்லலாம்!

நண்பரின் நிலத்தில் மூன்று வெடிப்புகள் இருந்தன. மலைப்புறத்து இரண்டும் வெறும் சுருக்கமே. நீரும் எண்ணெயும் இறங்காதிருக்க அவற்றுக்குச் சீமெந்துக் கூழ் போதும். மூன்றாவதோ பள்ளத்துக் கரைக்கு இணையாக, நிரப்பிய மண் தொடங்கும் இடத்திலே ஓடியது. அதன் கீழ்க்கரை ஒரு நாணயத்தின் கனமளவு தாழ்ந்திருந்தது. இதனைப் பூசுவது சாட்சியின் வாயைப் பொத்துவதாகும். நுனிகளிலே பென்சிலாற் கோடிட்டு நாளெழுதினோம். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை இருகரையிலும் சாந்து வைத்து ஒட்டினோம். நிலம் அசைந்தால் கண்ணாடி உடையும். கதவு இறுகுதல், மரம் சாய்தல், சரிவிலே புது ஊற்றுக் கிளம்புதல் ஆகியவற்றையும் கவனிக்கச் சொன்னேன். மேசனார்க்கு இதிலே மகிழ்ச்சியில்லை. பார்த்துக்கொண்டிருப்பதற்குக் கூலி ஏது?

ஐப்பசி மழையிலே கண்ணாடி நின்றது. கார்த்திகையில் ஒரு காலை குறுக்கே உடைந்து கிடந்தது. நண்பர் தாயாரை மலைப்புறத்து அறைக்கு மாற்றினார். காரைத் தெருவோரத்தில் நிறுத்தினார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எழுதினார். அதுவரை நிரப்பிய மண்மீது கொட்டிக்கொண்டிருந்த கூரைநீரை அன்று மாலையே குழாயிட்டுத் தெரு வாய்க்காலுக்குத் திருப்பினோம்.