மரச்சீனித் தட்டில் பயறு

நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே, தென்னந்தோப்புகளுக்கும் கடலுக்கும் இடையே அமைந்த இராஜாக்கமங்கலம் வட்டாரத்தில், அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எளிய மக்களின் பசியாற்றி வந்த நெடுநாளைய இணையாகும். தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இக்கிழங்கின் பயிரீட்டை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் பெரிதும் ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசியின் வரவு நின்றுபோன நாள்களில் பல வீடுகளின் அடுப்பு இதனால்தான் எரிந்தது.

இந்த இணைக்குள் ஓர் ஊட்டவியல் நியாயம் அடங்கியுள்ளது. மரச்சீனியில் மாவுச்சத்து மிகுதி; புரதமோ நூறு கிராமுக்கு ஏறத்தாழ ஒரு கிராம்தான். தவிர, சயனைடை வெளியிடக்கூடிய லினமாரின் என்னும் வேதிப்பொருள் அதில் இருப்பதால், துண்டுகளாக்கி வேகவைத்து அந்த நீரை வடித்துக் கொட்டுகிறார்கள். அதன் பின்னும் எஞ்சும் சிறிதளவை முறிப்பதற்கு, கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் சில அடிப்படைக் கூறுகள், உடலுக்குத் தேவைப்படுகின்றன. அவற்றைத் தந்தது மீன்.

ஆகவே, உடல்நலம் கருதித் தாவர உணவுக்கு மாறுவோர் மீனை விலக்கிவிட்டு, கிழங்கையும் சோற்றையும் பழைய அளவிலோ அதற்கு மேலோ உண்பார்களானால், நலத்துக்கு மாறாக இரத்தச் சர்க்கரையே கூடும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பருப்பு மற்றும் பயறு 85 கிராம் என வகுக்கின்றன. நம் வீடுகளில் பெரிதும் குறைந்து கிடப்பது இந்தக் கடைசி இனமே.

அதனை நிரப்பும் வழிகளுக்கு நாஞ்சில் நாட்டுச் சமையலில் பஞ்சமில்லை. சம்பா அரிசிக் கஞ்சிக்குச் சிறுபயறு, சோற்றுக்குக் காணத் (கொள்ளுத்) துவையல் என்பன இங்கே புதுமைகள் அல்ல. அய்யா வைகுண்டரின் (1809–1851) அடியவர்கள் துவையல் தவசு என்னும் நோன்பின்போது பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்து உண்டதாக மரபு கூறுகிறது. அரிசியில் குறைவாக உள்ள லைசின் பயற்றிலும், பயற்றில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியிலும் இருப்பதால், இவ்விரண்டும் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கின்றன.

காய்கறிக்கு அவியலை மிஞ்சிய ஏற்பாடு இல்லை என்றே சொல்லலாம். சேனை, தடியங்காய், முருங்கைக்காய், ஏத்தங்காய், புடலங்காய் ஆகியவற்றை விரல் நீளத்துக்கு அரிந்து, வேகும் நேரத்துக்கேற்ப முன்பின்னாக இட்டு, மாங்காய் சேர்த்து, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைப்பைக் கலந்து இறக்கியபின் பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் தூவுகிறார்கள். மாங்காயிலுள்ள வைட்டமின் சி, தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேயிலை அதைத் தடுக்கும். தேங்காயெண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்தும் வகை, என்பதால் அதை மணத்துக்காகச் சிறிதளவே ஊற்றுவது நலம்.

தாவரங்களால் ஈடுசெய்ய இயலாத ஒன்றும் உண்டு. இரத்த அணுக்களுக்கும் நரம்புகளுக்கும் இன்றியமையாத வைட்டமின் பி12, மீன், முட்டை, பால் போன்றவற்றிலிருந்தே இயல்பாகக் கிடைக்கிறது. கல்லீரலின் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால் குறைபாடு உடனே வெளிப்படாது. எனவே பாலையும் தயிரையும்கூட விலக்குவோர், கைகால் மரத்துப்போகும்வரை காத்திராமல், மருத்துவரின் அறிவுரைப்படி பி12 மாத்திரையைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.